ஆற்றோடு முடிந்த வரைபடம்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது மாதிரி தன் பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கிறது.

போனில் கேட்டிருக்கலாமே என்று முதல் வரியிலேயே முணுமுணுப்பாய். போன வாரம் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "கையெல்லாம் சேறு, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாய். தவிர, போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

சேதி இதுதான். நம்மூர்ச் சீப்புத் தொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆகிவிட்டேன். சிரி. முடித்துவிட்டு மேலே படி. தலையில் ஒற்றை முடி இல்லாதவனைச் சீப்புச் சங்கத்துக்குச் செயலாளராக்க எப்படி மனசு வந்தது என்று தலைவரையே கேட்டேன். "நகரத்துல நம்ம ஆளுன்னு நீ ஒருத்தன்தான் இருக்க. ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்க ஆள் வேணும்ல" என்றார். உன் அண்ணி இன்னும் நல்ல காரணம் சொன்னாள். சீப்பால் எனக்கு ஓர் ஆதாயமும் இல்லையாம், அதனால் நடுநிலையாக இருப்பேனாம்.

நான் சீப்புக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியாததா. அப்பா என் கையில் கொடுத்த முதல் பலகையில் பதினேழு பல்லை உடைத்தேன். "நீ பெட்டி செய்யப் போ" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷமாக இந்த நகரத்தில் அட்டைப்பெட்டிதான் செய்கிறேன். உன் பட்டறைச் சீப்புக்கும் நான்தானே பெட்டி.

இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், எங்கோ ஒரு தொழிற்சாலைக்காரன் மரத்தூளை அழுத்திச் சீப்பு செய்து, அதன்மேல் நம்மூர்ப் பெயரைப் பொறித்து விற்கிறான். ஒரு மாதத்தில் பல் கொட்டிவிடுகிறது. என் தெருக் கடையில் ஓர் அம்மா நம்மூர்ச் சீப்பை எடுத்துப் பார்த்து, பெயரைப் படித்து, சூடு பட்டது போலக் கீழே வைத்ததை நானே பார்த்தேன். அதனால் சங்கம் புவிசார் குறியீட்டுக்கு மனுப் போடுகிறது. கிடைத்துவிட்டால், நாம் வரையும் எல்லைக்குள் நம் முறைப்படி செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் சீப்பின்மேல் நம்மூர்ப் பெயரைப் போட முடியாது.

மனுவில் செய்முறை எழுத வேண்டும். பல் வெட்டுவது பற்றித் தலைவர் நாலு பக்கம் எழுதித் தந்திருக்கிறார். பலகையைப் பதப்படுத்துவது பற்றி ஒரே வரி: "சேற்றுக்குப் போட்டு எடுப்போம்." இதை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனால் என்னையும் சேற்றுக்குப் போட்டு எடுத்துவிடுவார். எங்கே, எப்படி, எத்தனை நாள், ஏன் என்று விவரமாக எழுதி அனுப்பு. நம்மில் சேறு தெரிந்தவள் நீதான்.

அண்ணன்


ஜனவரி 18

அண்ணா,

சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. உன் மாப்பிள்ளைகூடச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இது நாலாவது தடவை.

எழுதிக்கொள். முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடை. போன தடவை நான் எழுதிய அளவைத் தப்பாகப் படித்துவிட்டு எல்லாப் பெட்டியையும் அரை விரல் குட்டையாகச் செய்து அனுப்பினாய்.

மரத்தை ஒரு விரல் கனத்துக்குப் பலகையாக அறுக்க வேண்டும். அறுத்த அன்றே படகில் ஏற்றிவிட வேண்டும். காற்றில் கிடந்தால் முனை வெடிக்கும். ஊர்ப் படகுத்துறைக்கு நேர் எதிரே, அக்கரையில், ஆறு திரும்புகிற இடத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அங்கேதான் கருஞ்சேறு இருக்கிறது. விரலால் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஒரு மணல் பரல் அகப்படாது. ஊர்க்கரையில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் வெறும் மணல். மணலில் புதைத்த பலகை காய்ந்ததும் விரியும். என் மாமனார் ஒரு தடவை அங்கே புதைத்துப் பார்த்து, நூறு பலகையை அடுப்புக்குக் கொடுத்தார்.

முழங்கால் ஆழத்தில், பலகைமேல் பலகை படாமல் ஆறு வாரம் புதைக்க வேண்டும். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். நாற்பத்தொன்று போதாது. நாற்பத்து மூன்றில் கறை ஏறிவிடும். எடுத்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, நிழலில் அடுக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே கூழாங்கல் வைக்க வேண்டும். அப்படியே முப்பது நாள். தட்டினால் கிண்ணென்று கேட்கும்வரை பல் வெட்டக் கூடாது. அவசரப்படாதே அண்ணா.

சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். அன்றைக்கு நீ பதினேழு பல்லை உடைத்தது உன் கைக்கோளாறு இல்லை. அது நிழலில் பத்து நாள்கூட இருந்திராத பலகை. அப்பா அவசரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு அவருக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் சொன்னார்.

அண்ணியிடம் சொல்: போன வருஷம் எடுத்துப்போன என் பெரிய எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். மூடி இங்கே, பாத்திரம் அங்கே. இரண்டும் இரண்டு வீட்டில் இருந்தால் இரண்டுமே உதவாது.

தங்கை


பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

மனு போட்டாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு அலுவலகத்தில் இறக்கியபோது, பெற்று வளர்த்த பிள்ளையைப் பள்ளியில் விட்டது போல இருந்தது. பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்தபோது பெட்டி அச்சு வேலை கழுத்து வரை இருந்தது. அதனால் உறையைப் பிரித்த கையோடு அப்படியே தட்டச்சு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கையில் கிடைத்த தாளில் ஒரு புள்ளிகூடத் தப்பாது. சங்கத்தில் எல்லாரும் செய்முறை பிரமாதம் என்றார்கள். யாரும் படிக்கவில்லை என்பது என் சந்தேகம். கனத்தைப் பார்த்தே பாராட்டியிருப்பார்கள்.

வரைபடம்தான் கொஞ்சம் இழுத்தது. அதுவும் முடிந்தது.

போன வாரம் போனில் கேட்டாயே, அந்தப் பாத்திரத்தைப் பற்றி அண்ணியிடம் கேட்டேன். "எந்தப் பாத்திரம்?" என்றாள். அதற்குமேல் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் சங்கம் அனுப்பிய பதிவுத் தபால் கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள எங்கள் பட்டறை, அரசிதழில் வெளியான எல்லைக்கு வெளியே இருப்பதால், இனி எங்கள் சீப்பின்மீதோ பெட்டியின்மீதோ ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்றும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் தெரிந்துகொண்டோம். கீழே தங்கள் கையெழுத்து இருக்கிறது. வால் நீண்ட அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளி மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்துப் போலப் போட்டுக் கொடுத்ததும் அதே கைதான்.

இரண்டு விவரம் மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்று, பதிவே இன்னும் முடியவில்லை. அரசிதழில் வந்திருப்பது, எதிர்ப்பு உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் சொல்லலாம் என்பதற்காக. அதற்குள் மிரட்டல் எதற்கு என்று தெரியவில்லை. இரண்டு, எங்கள் பெட்டியில் ஊர்ப் பெயரை அச்சடித்து அனுப்புபவர் நகரத்தில் இருக்கிறார். வழுக்கைத் தலை, இடது முழங்கால் வலி. நடவடிக்கை எடுப்பதானால் அவரிடமிருந்து தொடங்கவும்.

இப்படிக்கு,
எல்லைக்கு வெளியே இருப்பவள்


ஆகஸ்ட் 9

தங்கச்சி,

உன் கடிதத்தை அண்ணி உரக்கப் படித்தாள். அவளுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். சங்கத்து வக்கீல் நாற்பது உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லாம் அந்தப் போலித் தொழிற்சாலைக்கும் அவன் முகவர்களுக்கும் என்று நினைத்து நாற்பதிலும் கையெழுத்துப் போட்டேன். நான் போலிக்காரனைத்தான் மிரட்டினேன், மாப்பிள்ளையை இல்லை. முப்பத்தேழாவது உறையில் மாப்பிள்ளை பெயர் இருந்திருக்கிறது. முப்பத்தேழாவது கையெழுத்தில் எவன் முகவரி படிப்பான்?

அந்த எல்லை விஷயம். நில அளவை அலுவலகத்தில் வரைபடத்தைத் தாள் தாளாக விற்கிறார்கள். நம்மூர் இருக்கிற தாள் ஆற்றோடு முடிந்துவிடுகிறது. அக்கரை வேறு மாவட்டம், வேறு தாள். அந்தத் தாள் கையிருப்பில் இல்லை. அரசாங்கம் கத்தரிக்கோலை அங்கே வைத்ததற்கு நான் என்ன செய்வேன்? இருந்த தாளில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிர்ப்பு மனுப் போட்டுவிடாதே. போட்டால் விசாரணை, வாய்தா என்று ஒரு வருஷம் ஓடும். போலிக்காரன் பாயசம் குடிக்காத குறையாகக் கொண்டாடுவான். முதலில் பதிவு முடியட்டும், பிறகு உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவரும் சொல்கிறார்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணா,

எதிர்ப்பு மனுவைத் திங்கட்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டோம்.

உன் மாப்பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னார். சொன்னார் என்றால், தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். நான் கேட்கவில்லை. உங்கள் நோட்டீசின் நகல் மொத்த வியாபாரிக்கும் போயிருக்கிறது. அவர் எங்கள் பெட்டி அறுபதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். நீ அச்சடித்த பெயர் மேலே பளிச்சென்று இருக்கிறது. அழகான அச்சு, அதில் குறை சொல்ல முடியாது. பட்டறையில் பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். பல் நுனி தேய்க்கிறவள் நேற்று என்னிடம் கேட்டாள்: "அக்கா, நாளையிலேருந்து நம்ம சீப்புக்கு என்ன பேரு?" வேறு பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? எங்களிடம் இருக்கிற ஒரே பெயர் அதுதான்.

உங்கள் ஊர்ப் பலகை இரண்டாயிரம் இப்போது என் சேற்றில் கிடக்கிறது. வெளியே எடுத்து வெயிலில் போட்டால் நாலு நாளில் எல்லாம் வெடித்துவிடும். தலைவர் தானாக இறங்கி வருவார் என்று பட்டறைப் பெண்கள் சொன்னார்கள். முடியாது என்றேன். பலகை நமக்கு என்ன தீங்கு செய்தது.

தாள் கதையை நான் நம்ப வேண்டுமா? நீ பொய் சொல்கிறபோது அரசாங்கத்தைக் கூட்டு சேர்ப்பாய். சின்ன வயதிலும் அப்படித்தான், உடைந்த கண்ணாடிக்குக் காற்றைச் சாட்சி வைத்தாய். இன்னொன்றும் கேட்கிறேன். நான் ஜனவரியில் எழுதியதை நீ படித்தாயா? அதில் உனக்கென்று ஒன்று எழுதியிருந்தேன். ஏழு மாதம் ஆகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

தங்கை


செப்டம்பர் 1

தங்கச்சி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நகம் கடித்தேன். முடி இருந்திருந்தால் அதைப் பிய்த்திருப்பேன். அந்த வசதியும் இல்லை.

தாள் கையிருப்பில் இல்லை என்பது உண்மை. ஆனால் நில அளவை அலுவலகத்து மேசைக்காரர் இன்னொரு வரியும் சொன்னார். "பத்து நாள்ல வந்துடும், சொல்லிட்டுப் போங்க, எடுத்து வைக்கிறேன்" என்றார். அந்த வரியை நான் உனக்கு எழுதவில்லை. சங்கக் கூட்டத்திலும் முழுதாகச் சொல்லவில்லை. அக்கரைத் தாள் இல்லை என்று நான் ஆரம்பித்ததுமே தலைவர், "ஆறு நல்ல எல்லைதான்பா. பல் வெட்டுறதுதான் சீப்பு. சேறு வெறும் சேறு, அதுக்கெல்லாம் பேரு குடுக்க முடியுமா?" என்றார். உங்கள் பட்டறை வளர்ந்ததிலிருந்து அவருக்கு வயிறு எரிகிறது, அது வேறு கதை. இருபது பேர் தலையாட்டினார்கள். இருபத்தொன்றாவதாக ஆடியது என் தலை. விளக்கு வெளிச்சத்தில் மற்ற எல்லாத் தலையையும்விட நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஏன் ஆட்டினேன் என்று அண்ணி கேட்டாள். ஊரில் யாரும் என்னைச் சீப்புக்காரனாக மதித்ததில்லை. "பெட்டிக்காரன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று முதல்முறையாக நடுநாற்காலி போட்டு உட்கார வைத்து, "செயலாளர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள். பத்து நாள் காத்திருப்போம் என்று சொன்னால் அந்த நாற்காலி போய்விடுமோ என்று தோன்றியது. அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது.

ஜனவரிக் கடிதம். நான் படிக்கவில்லை. பிரித்த கையோடு தட்டச்சு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று அப்போதே எழுதியிருந்தேனே, அது பெருமைக்காக எழுதியது. இப்போது கேட்டுப் பார்த்தேன். மனுவோடு சேர்த்து அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டதாம். எனக்கென்று என்ன எழுதினாய்?

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

இரண்டாம் தடவை எழுதுகிற மாதிரி விஷயம் இல்லை அது. காகிதம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, தேடிப் படித்துக்கொள்.

விசாரணை அக்டோபர் 5 என்று எங்களுக்கும் ஓலை வந்துவிட்டது. உன் மாப்பிள்ளை மட்டும் வருவார். உங்கள் ஊர் அனுப்பிய அடுத்த அடுக்கை ஆகஸ்ட் 24இல் புதைத்தோம். எண்ணிப் பார், அக்டோபர் 5 தான் நாற்பத்திரண்டாவது நாள். நான் வந்துவிட்டால் உங்கள் பலகையில் கறை ஏறிவிடும்.

நீ எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்க மாட்டேன். செயலாளர் உட்காருகிற இடம் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். உன் மாப்பிள்ளைக்கு வாய் கிடையாது. அவரைப் பேசவைத்துக் கேலி பண்ணாமல் பார்த்துக்கொள், அது போதும்.

தங்கை


அக்டோபர் 7

தங்கச்சி,

விசாரணை எப்படி நடந்தது என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருப்பாய். "நடந்துச்சு" என்று சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

இரண்டாம் மாடி. நீள மேசை. மேலே ஒரு மின்விசிறி, சுற்றுவதைவிட முனகுவது அதிகம். அந்தப் பக்கம் மாப்பிள்ளை தனியாக, மடியில் ஒரு துணிப்பை. இந்தப் பக்கம் தலைவர், வக்கீல், நான், பின்னால் சங்கத்து ஆட்கள் ஒன்பது பேர். நடுவில் அதிகாரி அம்மா. ஐம்பது வயது இருக்கும். நம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறார் என்பது பக்க ஓரங்களில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்ததுமே தெரிந்தது. படிக்கிற அதிகாரியை யார் எதிர்பார்த்தார்கள்?

"பக்கம் நூத்தி நாப்பத்தொண்ணு, செய்முறை" என்று ஆரம்பித்தார். "'முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடை.' இது முதல் கட்டமா?"

தட்டச்சு அம்மாவின் கையில் ஒரு புள்ளி தப்பாது என்று எழுதினேன் அல்லவா. தப்பவில்லை. நீ எழுதியது மொத்தமும், மாப்பிள்ளை நாலாவது தடவை சிரித்தது உட்பட, அரசாங்க மனுவில் ஏறியிருக்கிறது. வக்கீல் எழுந்து, நுணுக்கமான வேலைக்குத் தெளிவான பார்வை அவசியம் என்று ஒரு விளக்கம் கொடுத்தார். பாவம், நன்றாகவே சமாளித்தார். அடுத்து அந்த அம்மா, "'மூடி இங்கே, பாத்திரம் அங்கே.' இது எந்தக் கட்டம்?" என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்க வீட்டு விஷயங்க" என்றேன்.

பின்வரிசையில் ஒன்பது பேரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தாளைத் திருப்பி மேசைமேல் என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே படிச்சுக்கங்க" என்றார்.

படித்தேன். பதினேழு பல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முதல் கட்டம் அதுதானே. இத்தனை வருஷமாக இந்தக் கையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்த நகைச்சுவை எல்லாம் நினைவுக்கு வந்தது. எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அதற்குள் அவர் வரைபடத்தை விரித்துவிட்டார். "உங்க வரைபடம் ஆத்தோட முடியுது. உங்க செய்முறை ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பிக்குது. இந்தக் கோட்டுக்குள்ள அந்தச் சேறு இருக்கா, இல்லையா?"

வக்கீல் மேசைக்கு அடியில் ஒரு சீட்டை என் கையில் திணித்தார். "நம் பக்கமும் சேறு உண்டு, தட்டச்சுப் பிழை என்று சொல்லுங்கள்" என்று இருந்தது. தலைவர் என் முழங்காலைத் தட்டினார். அதே இடது முழங்கால்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் நீ எத்தனை பலகை எடுத்திருப்பாய் என்று கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. எங்கள் பலகை.

"இல்லீங்க" என்றேன். "எங்க பக்கம் வெறும் மணல். சேறு முழுக்க அந்தப் பக்கம். அந்தச் சேறு இல்லேன்னா எங்க ஊர்ல ஒரு சீப்பு கிடையாது. கோடு போட்டது நான்தான். தெரிஞ்சேதான் போட்டேன்."

தலைவர் என் முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

முடிவு இதுதான்: இரு கரையும் அடங்குகிற மாதிரி வரைபடத்தைத் திருத்தி, இரு கரைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. அக்கரைக்கு அனுப்பிய நோட்டீசை உடனே திரும்பப் பெற்று, மொத்த வியாபாரிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன், முகவரியைப் படித்துவிட்டு. செயலாளராக நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது. படியிறங்குவதற்குள் என்னை நீக்கிவிட்டார்கள். புதுச் செயலாளருக்கு அடர்த்தியான முடி. சங்கத்துக்கு ஒரு லட்சணம் வந்திருக்கிறது.

தெருவில் நான் மட்டும் நின்றிருந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "பசிக்குதா?" என்றார். துணிப்பையில் நீ எனக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தாய்.

நான் என்ன சொல்வேன் என்று தெரியாமலே கட்டிக் கொடுத்தாயா?

அண்ணன்


அக்டோபர் 16

அண்ணா,

நீ என்ன சொன்னாலும் மத்தியானம் பசிக்கும் அல்லவா.

உன் மாப்பிள்ளை "நடந்துச்சு" என்று சொல்லவில்லை. "உங்கண்ணன் நல்லாப் பேசினாரு" என்றார். மூன்று வார்த்தை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பலகை மொத்தமும் சுத்தமாக வந்துவிட்டது, ஒன்றில்கூடக் கறை இல்லை. மறுநாள் சாயங்காலம் உங்கள் தலைவர் படகில் வந்து எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அலசிய பலகை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது அவர் பழக்கம். பல் வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்றைக்கு அவரிடமிருந்து சேதி வந்தது. வரைபடத்தைத் திருத்தப் புதுச் செயலாளருக்குத் தெரியவில்லையாம். உன்னிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறதாம். அதனால் நான் கேட்கிறேன். அக்கரைத் தாளைப் போய் வாங்கு. கையிருப்பில் இல்லை என்றால் பத்து நாள் காத்திரு. இரண்டு தாளையும் ஒட்டி நீயே கோடு போடு. செய்முறைப் பக்கத்தையும் புதிதாக எழுது. வீட்டுக் கதை எல்லாவற்றையும் எடுத்துவிடு. இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தட்டச்சுக்குக் கொடு.

அந்த மரத்தூள் சீப்புக்காரன் இங்கே சந்தைவரை வந்துவிட்டான். தாமதிக்காதே. அவசரமும் படாதே.

தங்கை


மே 22

அன்புத் தங்கைக்கு,

பதிவு ஆகிவிட்டது. அரசிதழ் நகல் ஒன்றைச் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தைப் பார். ஒட்டுப்போட்ட கோடு ஆற்றின் நடுவில் போகிறது, தெரியவே தெரியாது. இருபத்தாறு வருஷம் பெட்டி ஒட்டிய கை.

என் தெருக் கடையிலிருந்து மரத்தூள் சீப்பெல்லாம் போன வாரம் காணாமல் போனது. கடைக்காரர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புருவத்தைச் சீவுவதற்கென்று சொல்லி நம்மூர்ச் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுச் செயலாளர் வாரம் இரண்டு முறை போன் செய்து, எந்தக் காகிதம் எங்கே என்று என்னைக் கேட்கிறார். அவருக்கு முடி கொட்ட ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி.

நாளை பஸ்ஸில் ஒரு பார்சல் வரும். உள்ளே பாத்திரம். அண்ணி விளக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறாள். "எந்தப் பாத்திரம்?" என்று இன்னமும் கேட்கிறாள்.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

பாத்திரம் வந்தது. மூடி சரியாக உட்காருகிறது. அண்ணி உள்ளே வைத்து அனுப்பிய சேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை வாங்கியது யாருக்கு என்று அவளைக் கேட்டால் "எந்தச் சேலை?" என்பாள் என்பதால் நானும் கேட்கவில்லை.

அரசிதழைப் பட்டறையில் எல்லாருமாகச் சேர்ந்து படித்தோம். பல் நுனி தேய்க்கிறவள் ஊர்ப் பெயரைத்தான் முதலில் தேடினாள், விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு செய்முறைக்கு வந்தோம். மூக்குக்கண்ணாடி இல்லை, பாத்திரம் இல்லை, அப்பா இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய். ஆனால் எட்டாவது வரியில் இருக்கிறது: "தட்டினால் கிண்ணென்று கேட்கும்வரை பல் வெட்டக் கூடாது. அவசரப்படாதே அண்ணா." முத்திரையோடு, பதிவாளர் கையெழுத்தோடு. நீ மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த அதிகாரி அம்மா கண்ணில் அது படாமல் போயிருக்காது. அவரும் விட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்துச் சேற்றுக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டோம். முந்தாநாள் உங்கள் தலைவர் வந்தார். பெரிய கிராக்கி வந்திருக்கிறது, முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டதே, பலகையை எடுத்துவிட்டால் என்ன என்றார். நான் சுவரைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"அண்ணான்னு போட்டிருக்கே, யாரைம்மா சொல்லுது?" என்றார்.

"உங்களையும் சேத்துத்தான்" என்றேன்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

போன மாதம் எடுத்த அடுக்கில் ஒரு பலகையை உனக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு முப்பதாம் நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் வராதே. வந்து பதினேழு பல் வெட்டு, போதும். மீதியை நான் வெட்டிக்கொள்கிறேன்.

தங்கை